விண்டேஜ் காருக்கு இடம் இருக்கு, மிலிட்டரி லாரிக்கு மட்டும் ஏன் இல்ல?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல பழைய கார் கண்காட்சி போட்டோ வரும்போதெல்லாம் விடாம பாப்பேன். ஆஸ்டின், மாரிஸ் எல்லாம் பளபளன்னு வரிசையா நிக்கும், சந்தோஷம் தான், ஆனா அந்த வரிசைல ஒரு மிலிட்டரி லாரிய நான் பாத்ததே இல்ல, ஜீப் ஒண்ணு ரெண்டு வரும் அதோட சரி. ஏன் வர்றதில்லன்னா அதுக்கு பாதி காரணம் சட்டத்துலயே இருக்கு. அதச் சொல்லத்தான் இந்த லெட்டர். நீளமா போயிரும், எங்க வேணாலும் வெட்டிக்கோங்க, ஆனா டயர் பத்தி எழுதியிருக்கறத மட்டும் வெட்டாதீங்க, அது உயிர் சமாச்சாரம்.

நான் ஈஎம்ஈல, அதாவது ராணுவத்துல வண்டி பீரங்கி ரேடியோ எல்லாம் ரிப்பேர் பாக்கற கோர்ல, வெஹிக்கிள் மெக்கானிக்கா இருந்து பென்ஷன் வந்தவன். ஊர் வேலூர் பக்கம். எங்க ஏரியால பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத தெருவே கிடையாது, கம்மவான்பேட்டைய ராணுவப்பேட்டைன்னே சொல்லுவாங்க, உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். வீட்டு சைடுல ஷீட் போட்ட ஷெட்ல ஒரு நிசான் ஒன் டன் மிலிட்டரி லாரி நிக்குது. ராணுவ ஏலத்துல எடுத்தவர்கிட்டேர்ந்து கை மாத்தி வாங்கினது, ஆர்சி இருக்கு, இன்சூரன்ஸ் இருக்கு, வருஷா வருஷம் எஃப்சி காட்டறேன். நிலத்துக்கு எரு அடிக்கும், எப்பவாவது செங்கல் ஏத்தும், மத்தபடி சும்மா தான் நிக்குது. அந்த ஷெட்ட காலி பண்ணா ரெண்டு மாடு கட்டலாமேன்னு வீட்டுக்காரம்மா இன்னைக்கும் கேக்கறாங்க.

இப்ப இருக்கற பசங்களுக்கு இந்த வண்டிங்க பேரே தெரியாது, அதனால கொஞ்சம் சொல்லிடறேன். கிருஷ்ண மேனன் பாதுகாப்பு மந்திரியா இருந்தப்ப ஜெர்மனி மேன் கம்பெனியோட ஒப்பந்தம் போட்டு ஜபல்பூர்ல ஆரம்பிச்சது தான் சக்திமான், ஆர்மில த்ரீ டன்னுன்னா அது தான், 1996 வரைக்கும் பண்ணாங்க. அப்புறம் ஜப்பான் நிசான்கிட்ட லைசென்ஸ் வாங்கி ரெண்டு வண்டி. ஒண்ணு ஜோங்கா, அது நிசான் பெட்ரோல் 60ங்கற மாடல் (பெட்ரோல்னா ரோந்துங்கற அர்த்தத்துல வர்ற பேரு, ஊத்தற பெட்ரோல் இல்ல, ஆனா ஊத்தறதும் பெட்ரோல் தான்). இன்னொண்ணு என் ஒன் டன், ஜப்பான்ல இதுக்கு 4டபிள்யூ73ன்னு பேரு. ரெண்டுக்கும் ஒரே இன்ஜின் தான், வரிசையா ஆறு சிலிண்டர், 3956 சிசி. சக்திமானுக்கு அப்புறம் வந்த ஸ்டாலியன் நம்ம எண்ணூர் அசோக் லேலண்ட் வண்டி, அதுக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி இருக்கு. தோனி 2019ல ஜோங்கா வாங்கினாருன்னு நியூஸ் வந்துச்சே, அதுக்கப்புறம் ஜோங்கா விலைய நான் கேக்கறதையே விட்டுட்டேன். ஒன் டன்ன மட்டும் இன்னும் யாரும் சீண்டல. நல்லதா போச்சு.

சரி வீட்டுல வெச்சு இத பாத்துக்க முடியுமான்னு தான் எல்லாரும் கேக்கறாங்க. முடியும் சார். இப்ப வர்ற காரவிட இது சுலபம்னு கூட சொல்லுவேன். ஏன்னா இந்த வண்டிய டிசைன் பண்ணும்போதே, எங்கயோ மலை மேல, பனில, டார்ச் வெளிச்சத்துல, பத்தாவது படிச்ச ஒரு பையன் கைல இருக்கற நாலு ஸ்பேனர வெச்சு கழட்டி மாட்டணும்னு நினைச்சு தான் பண்ணியிருக்காங்க. பானெட்ட தூக்கினா இன்ஜினுக்கு ரெண்டு பக்கமும் கை போகும். பிளக், டிஸ்ட்ரிபியூட்டர், கார்புரேட்டர், ஏசி பம்ப் (டேங்க்லேர்ந்து பெட்ரோல இழுத்து தர்ற பம்ப்) எல்லாம் கண்ணுக்கு நேரா இருக்கும். லேப்டாப் சொருகற வேலையெல்லாம் கிடையாது. ஸ்டார்ட் ஆகலையா, பிளக்ல பொறி வருதா பாரு, கார்புரேட்டருக்கு பெட்ரோல் வருதா பாரு, ரெண்டும் வந்தா டைமிங் பாரு, பெரும்பாலும் அதுக்குள்ள முடிஞ்சிரும். பாதி நேரம் காண்டாக்ட் பாயிண்ட் கருகியிருக்கும், எமரி பேப்பர்ல தேச்சு கேப் வெச்சா கிளம்பிரும்.

ஆர்மில ஒரு பழக்கம் உண்டு, டிரைவருங்களுக்கு தெரியும், ஃபர்ஸ்ட் பரேட், ஹால்ட் பரேட், லாஸ்ட் பரேட்னு மூணு தடவ வண்டிய சுத்தி வரணும். கிளம்பறதுக்கு முன்னாடி ஆயில் தண்ணி பெல்ட் டயர் லைட், வழில நிறுத்தும்போது வீல் டிரம்மையும் ஹவுசிங்கையும் தொட்டுப் பாத்து எது ஓவர் சூடுன்னு கண்டுபிடிக்கறது, திரும்பி வந்ததும் என்ன ஒழுகுது எது லூசாச்சுன்னு எழுதி வெக்கறது. இத டிரைவர் தான் செய்யணும், மெக்கானிக் இல்ல. டிரைவரால ஆகாதது யூனிட்டோட இருக்கற எல்ஏடிங்கற சின்ன ரிப்பேர் குழுவுக்கு வரும், அங்கயும் ஆகாதது வொர்க்ஷாப், அதுக்கும் மேல இன்ஜின பிரிச்சு புதுசா கட்டற பேஸ் வொர்க்ஷாப். வீட்டுல வண்டி வெச்சிருக்கறவன் இதுல முதல் ரெண்டு படி வரைக்கும் தாராளமா தானே பாத்துக்கலாம். டிரம்ம தொட்டுப் பாக்கற அந்த ஒரு பழக்கத்தாலயே எத்தனையோ பேரிங் தப்பிச்சிருக்கு. காசு செலவில்லாத வேல, ஆனா செய்யறவங்க ரொம்ப கம்மி.

ஓட்டி ஓட்டி கெட்ட மிலிட்டரி வண்டிய நான் அதிகம் பாத்ததில்ல, நின்னு நின்னு கெட்டது தான் நிறைய. ஏலத்துல எடுத்த வண்டில மீட்டர் பாத்தா கம்மியா தான் ஓடியிருக்கும், ஆனா யார்ட்ல வெயில்லயும் மழையிலயும் வருஷக்கணக்கா நின்னிருக்கும். இரும்பு தாங்கிரும், ரப்பர் தாங்காது. மாஸ்டர் சிலிண்டர் வீல் சிலிண்டர் பக்கெட் வாஷர் எல்லாம் கல்லு மாதிரி ஆயிருக்கும், பிரேக் ஹோஸ் வெளிய நல்லா இருந்தாலும் உள்ள வீங்கி அடைச்சிருக்கும், மிதிச்சா பிடிக்கும் ஆனா விட்டா ரிலீஸ் ஆகாது. அதனால வண்டி வந்ததும் முதல் வேல இன்ஜின் இல்ல, பிரேக். நாலு வீலையும் கழட்டு, சிலிண்டர பிரி, உள்ள குழி விழுந்திருந்தா ஹோனிங் போடு இல்ல லேத்துல ஸ்லீவ் அடி, ஹோஸ் மொத்தமும் மாத்து, புது ஃப்ளூயிட் ஊத்தி தூரமா இருக்கற வீல்லேர்ந்து ஆரம்பிச்சு ஏர் எடு. ஃப்ளூயிட் இல்லன்னு வேற எந்த ஆயிலையும் ஊத்தக் கூடாது, மினரல் ஆயில் பட்டா பக்கெட் ஊதிப் போயி பிரேக்கே ஜாம் ஆயிரும். இன்னொண்ணு, பழைய லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், டிரம்ம கழட்டி கம்ப்ரசர் காத்து அடிச்சு தூசி பறக்க விடறாங்க பாருங்க, அது நுரையீரலுக்கு நேரா போற விஷம். தண்ணி தெளிச்சு ஈரத்துணில துடைங்க. நாங்க சர்வீஸ்ல இருந்தப்ப இதெல்லாம் யாரும் சொல்லல.

இப்ப டயர். சில ராணுவ வண்டில ரிம் ரெண்டு பாதியா இருக்கும், நடுவுல போல்ட் நட்டு போட்டு சேத்திருப்பாங்க, ரோட்டோரத்துல டயர் லிவர் இல்லாமலே பஞ்சர் பாக்கறதுக்காக. வீல்ல ரெண்டு வரிசை நட்டு இருக்கும், ஒரு வரிசை வீல வண்டியோட பிடிக்கறது, இன்னொரு வரிசை ரிம்மோட ரெண்டு பாதியையும் பிடிக்கறது. இந்த ரெண்டாவது வரிசைய காத்து இருக்கும்போது லூஸ் பண்ணா அந்த ரிம் குண்டு மாதிரி வெடிச்சு எதிர்ல நிக்கறவன தூக்கி அடிச்சிரும். அந்த நட்டுக்கு சிவப்பு பெயிண்ட் அடிக்கற வழக்கமே அதனால தான், ஆனா ஏலத்துல எடுத்தவன் மொத்தமா ஒரு கலர் ஸ்பிரே அடிச்சு அத மறைச்சிருப்பான். எந்த வீல தொட்டாலும் முதல்ல வால்வு பின்ன கழட்டி காத்து முழுசா போயிருச்சான்னு கம்பி விட்டுப் பாருங்க. லாக் ரிங் போட்ட லாரி ரிம்முக்கும் இதே கதை தான், துருப்பிடிச்ச ரிங்க திரும்பப் போடாதீங்க, காத்து அடிக்கும்போது வீல சுத்தி சங்கிலி கட்டி இல்ல கம்பிக் கூண்டுக்குள்ள வெச்சு, நீட்டு ஹோஸ் போட்டு தள்ளி நின்னு அடிங்க. தம்பிங்களா, பஞ்சர் கடைல தெரிஞ்சவன் இருக்கான்னு கொண்டு போனா கூட இது எந்த மாதிரி ரிம்முன்னு அவன்கிட்ட வாய விட்டு சொல்லுங்க. கார் டயரே பாக்கற பையனுக்கு இது தெரிஞ்சிருக்காது.

ஜாக்கி போட்டு தூக்கினா கீழ ஸ்டாண்டு இல்ல தேக்கு, ரயில் கட்டை மாதிரி மரம் குடுங்க. செங்கல் கூடாது, ஹாலோ பிளாக் சுத்தமா கூடாது, பாத்தா நிக்கற மாதிரி இருக்கும், திடீர்னு பொடியாயிரும். கியர்பாக்ஸ் இறக்கறதுன்னா மூணு பைப்ப கட்டி செயின் பிளாக் மாட்டிக்கோங்க, நாலு பேர் கை குடுத்து இறக்கிரலாம்னு வீரம் காட்டவேணாம்.

ஓட்டறதுலயும் ஒரு விஷயம் இருக்கு. ஃபோர் வீல் இருக்குன்னு ஆசப்பட்டு தார் ரோட்டுல முன் ஆக்சில என்கேஜ் பண்ணி ஓட்டறாங்க. இந்த வண்டில நடுவுல டிஃபரன்ஷியல் கிடையாது, வளைவுல முன்னாடி வீலும் பின்னாடி வீலும் வேற வேற தூரம் போகும், சேறா இருந்தா வீல் வழுக்கி சரி பண்ணிக்கும், தார் ரோட்டுல வழுக்க வழியில்லாம டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் பின் ஆக்சில் ரெண்டுக்கும் சக்திய பிரிச்சுக் குடுக்கற பெட்டி) முறுக்கிக்கும், அப்புறம் லிவர இழுத்தாலும் வராது. ரிவர்ஸ்ல கொஞ்சம் எடுத்தா விடும், ஆனா தினம் இப்படி பண்ணா கிராஸும் (ஷாஃப்ட் மூட்டு) கியர் பல்லும் போயிரும்.

இப்ப புதுசா ஒரு தலைவலி வந்திருக்கு, பெட்ரோல். 2000ல நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல் வந்தப்ப பழைய இன்ஜினுக்கு வால்வு சீட் தேயும்னு பயந்தோம், சரி அதுக்கு லேத்துல கெட்டியான சீட் அடிச்சு சமாளிச்சாச்சு. இப்ப 20 சதவீதம் எத்தனால் கலந்தது தான் எந்த பங்க் போனாலும் கிடைக்குது. தினம் ஓடற புது வண்டி பத்தி நான் பேசல, அது கம்பெனிக்காரங்க பாடு. என் மாதிரி மாசக்கணக்குல நிக்கற வண்டிக்கு இது ஆகாது. எத்தனால் காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும், ஓரளவுக்கு மேல போனா தண்ணியோட சேந்து பிரிஞ்சு டேங்க் அடில நிக்கும், டேங்க் உள்ள துரு பிடிக்கும். பழைய ஏசி பம்ப் டயாஃப்ரம், ரப்பர் ஹோஸ் எல்லாம் பதமிழந்து பொடிப்பொடியா உதிர்ந்து ஜெட்ட அடைக்கும். நான் என்ன பண்றேன்னா, ஹோஸ எத்தனால் தாங்கற ரகமா மாத்திட்டேன், பம்புக்கு புது டயாஃப்ரம் கிட் போட்டேன், டேங்குக்கும் பம்புக்கும் நடுவுல கிண்ணம் தெரியற ஃபில்டர் ஒண்ணு வெச்சிருக்கேன், தண்ணி இறங்கினா கண்ணுக்கே தெரியும். ரொம்ப நாள் நிக்கப் போகுதுன்னா டேங்கயும் கார்புரேட்டரையும் வத்த விட்டுருவேன். வெயில் காலத்துல பெட்ரோல் லைன்லயே ஆவியாகி வண்டி நடு ரோட்டுல நிக்கற வியாதி முன்னாடியும் இருந்தது, இப்ப ஜாஸ்தியா தெரியுது. சைலன்சர் பக்கம் போற பைப்ப தள்ளி எடுத்தா பாதி குறையும், மீதிக்கு ஈரத்துணி தான்.

ஸ்பேர் கிடைக்குமான்னு கேப்பீங்க. கடைல போயி ஒன் டன் பார்ட்ஸ் குடுன்னா சிரிப்பான். அப்படி கேக்கக் கூடாது. பேரிங்னா மேல நம்பர் அடிச்சிருக்கும், அந்த நம்பர மட்டும் சொல்லு, எந்த வண்டின்னு வாயே திறக்காத, எடுத்து குடுத்துருவான். ஆயில் சீல்னா வெர்னியர்ல உள்ளளவு வெளியளவு தடிமன் மூணும் அளந்து எழுதிட்டுப் போ. கிராஸ்னா கப்போட அளவு. ஃபேன் பெல்ட்டுக்கும் அதே கதை தான். கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ லைனிங் எல்லாம் ரிவிட் அடிச்சு தர்ற கடை இன்னும் ஊருக்கு ஒண்ணு ரெண்டு இருக்கு, ரேடியேட்டர் பித்தளைங்கறதால ஈயம் வெச்சு ஒட்டிரலாம், இப்ப வர்ற பிளாஸ்டிக் டேங்க் ரேடியேட்டர் மாதிரி தூக்கிப் போட வேண்டியதில்ல. ஸ்பிரிங் பட்டை உடைஞ்சா அளவு குடுத்தா பட்டறைல வளைச்சு தருவான். உண்மையிலயே அந்த வண்டிக்கு மட்டுமே உண்டான சாமான், டிஸ்ட்ரிபியூட்டர் கேப், கிரவுன் பினியன், முன் ஆக்சில் நக்கிள் சாமான், இதுக்கு தான் அலையணும். சென்னைல புதுப்பேட்டை, டெல்லில மாயாபுரி, அதுக்கும் மேல பஞ்சாப் ஹரியானா பக்கம் மண்டி டப்வாலி, அங்க தான் டிஸ்போசல், அதாவது ராணுவம் கழிச்சு கட்டின ஜீப்ப பிரிச்சு மேய்வாங்க. கூட சர்வீஸ் பண்ண ஒரு சர்தார்ஜி நண்பர் தயவுல எனக்கு பார்சல் வருது.

இப்படி அலைய முடியாம தான் நிறைய பேர் ஒரிஜினல் இன்ஜின தூக்கிட்டு டீசல் இன்ஜின் மாட்டறாங்க. நியாயம் தெரியுது, என் வண்டி லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் குடுத்தா பெருசு. ஆனா இன்ஜின் மாத்தினதும் மவுண்ட் மாத்தணும், கியர்பாக்ஸ் சேராது, அதுக்கு அடாப்டர் பிளேட், முன்னாடி எடை கூடினா பட்டை, கடைசில பாத்தா பாடி மட்டும் தான் மிலிட்டரி, உள்ள மொத்தமும் வேற வண்டி. அதோட ஆர்சில ஏத்தாம பண்ணா அது சட்டப்படியே செல்லாது, வண்டிய கம்பெனி பண்ண மாதிரியே வெச்சிருக்கணும்னு 2019ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. நான் மாத்த மாட்டேன். மாத்தினவங்கள திட்டவும் மாட்டேன், ஓடாம துருப்பிடிக்கறதுக்கு அது பரவால்ல.

இனி சட்டத்துக்கு வர்றேன். ராணுவ வண்டிய தனியார் வாங்கினா ரெஜிஸ்டர் பண்றதுக்கு வழியே இல்லன்னு பலர் நினைக்கறாங்க, அது தப்பு. மத்திய மோட்டார் வாகன விதி 47லயே முன்னாள் ராணுவ வண்டிக்கு சம்பந்தப்பட்ட அதிகாரி குடுத்த ஒரிஜினல் ஃபார்ம் 21 சேல் சர்டிபிகேட் வேணும்னு எழுதியிருக்கு. ஏலத்துல வாங்கும்போது அந்த பேப்பர கைல வாங்காம, அப்புறம் அனுப்பறேன்னு சொல்ற புரோக்கர நம்பி பணம் குடுக்காதீங்க, அந்த பேப்பர் இல்லன்னா அது வண்டி இல்ல, கிலோ கணக்குல இரும்பு.

அடுத்தது விதி 121. ராணுவத்தோட வண்டி தவிர வேற எந்த வண்டிக்கும் ஆலிவ் கிரீன் பெயிண்ட் அடிக்கக் கூடாது. காரணம் புரியுது, எவனாவது பச்ச பெயிண்ட் அடிச்ச ஜீப்ல கேம்புக்குள்ள நுழைஞ்சா என்ன ஆகும்னு சர்வீஸ்ல இருந்தவனுக்கு சொல்லித் தர வேண்டியதில்ல. அதனால என் வண்டி இப்ப சாம்பல் கலர். பானெட்ட தூக்கினா மட்டும் உள்ள பழைய பச்ச தெரியும்.

2021 ஜூலைல விண்டேஜ் வண்டிக்குன்னு மத்திய அரசு தனி விதி கொண்டு வந்தாங்க. 50 வருஷம் தாண்டின வண்டி, சேசிஸ் பாடி இன்ஜின் எதையும் மாத்தாம ஒரிஜினலா இருக்கணும், புதுசா ரெஜிஸ்டர் பண்ண 20,000 ரூபா, 10 வருஷத்துக்கு செல்லும், நம்பர் பிளேட்ல விஏன்னு தனி எழுத்து வரும், தினசரி உபயோகத்துக்கோ வியாபாரத்துக்கோ ஓட்டக் கூடாது, கண்காட்சி ரேலி மாதிரி விஷயத்துக்கு ஓட்டலாம். ரொம்ப நல்ல விதி, கை தட்டறேன். ஆனா யாருக்குன்னு பாத்தா டூ வீலருக்கும் எம்1ங்கற வகைக்கும் மட்டும், எம்1ன்னா டிரைவர் தவிர எட்டு பேர் வரைக்கும் உக்கார்ற கார் வகை. லாரி எல்லாம் N (என்)ங்கற எழுத்துல வர்றது, அந்த எழுத்தே விதில இல்ல. ஆக 1960கள்ல பண்ண ஒரு பெரிய மனுஷன் வீட்டு கார் விண்டேஜ், அதே வருஷம் ஜபல்பூர்ல பண்ணி எல்லைல ரேஷனும் ஆளும் சுமந்த ஒன் டன் வெறும் பழைய சரக்கு வண்டி. கார் சும்மா நின்னா யாரும் கேக்க மாட்டாங்க. என் வண்டி சும்மா நின்னாலும் சரக்கு வண்டிங்கறதால வருஷா வருஷம் எஃப்சி, ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், சரக்கு வண்டி ரேட்டுல இன்சூரன்ஸ். எப்பவாவது பாரம் ஏத்தறவனுக்கு தினமும் பாரம் ஏத்தறவன் செலவு.

சரி ஜோங்கா மாதிரி ஆள் ஏறற வண்டி வெச்சிருக்கறவனாவது தப்பிச்சானான்னா அங்க வேற சிக்கல். 50 வருஷம்னா முதல் ரெஜிஸ்ட்ரேஷன்லேர்ந்து கணக்கு. ராணுவத்துல இருக்கறவரைக்கும் வண்டிக்கு ஆர்டிஓ ஆபீஸ் நம்பரே கிடையாது, மேல் நோக்கின அம்புக்குறி போட்ட ராணுவ நம்பர் தான், வெளிய வந்து ஃபார்ம் 21 காட்டின பிறகு தான் ஆர்டிஓல ஏறும். அப்ப 1970ல பண்ண வண்டி 1995ல வெளிய வந்தா கணக்கு எதுலேர்ந்து? நான் விசாரிச்ச ஆபீஸ்ல ஒரு கவுண்டர்ல ஒரு பதில், பக்கத்து கவுண்டர்ல இன்னொரு பதில். இத்தனைக்கும் அந்த அம்புக்குறி பக்கத்துல இருக்கற ரெண்டு இலக்கமே வருஷத்த தான் சொல்லுது, ராணுவ பேப்பர்ல எல்லாம் இருக்கு. அத ஏத்துக்கிட்டா பிரச்சனை தீந்துச்சு. அப்புறம் இன்னொரு கூத்து, விண்டேஜ்னா ஒரிஜினலா இருக்கணுமாம், ஆனா விதி 121 படி ஒரிஜினல் கலர் மட்டும் இருக்கக் கூடாதாம். கண்காட்சிக்கு வர்ற மிலிட்டரி வண்டிக்கு, கதவுல பெருசா விண்டேஜ்னு எழுதி வெச்சுக்கிட்டு பச்சை அடிச்சுக்கலாம்னு ஒரு விலக்கு குடுத்தா எந்த கேம்புக்கும் ஆபத்து வராது.

இதோட மேனுவல் விஷயத்தையும் சேத்துக்கறேன். அமெரிக்கால எம்35ன்னு ஒரு ரெண்டரை டன் லாரி, ராணுவம் கழிச்சு கட்டினத விவசாயிங்களும் ஆர்வலர்களும் ஏகப்பட்ட பேர் வீட்டுல வெச்சு ஓட்டறாங்க. அதோட இன்ஜின்ல டீசல், மண்ணெண்ணெய்னு பல எண்ணெய் ஓடும், அந்த எரியற முறை நம்ம சக்திமானுக்கு லைசென்ஸ் குடுத்த அதே மேன் கம்பெனியோடது. அந்த வண்டிக்கு அமெரிக்க ராணுவம் போட்ட டெக்னிக்கல் மேனுவல் போல்ட் டைட் வரைக்கும் எல்லாம் எழுதி இன்டர்நெட்ல சும்மா கிடைக்குது. நம்ம ஈஎம்ஈல இதுக்கு இஎம்இஆர்னு புஸ்தகம் உண்டு, அருமையா இருக்கும், படத்தோட ஒவ்வொரு ஸ்டெப்பா. ஆனா வெளிய வராது. சர்வீஸ்ல ஓடற வண்டிக்கு வேணாம் சார், சக்திமான், ஒன் டன், ஜோங்கா எல்லாம் பண்றதையே நிறுத்தி 25 வருஷத்துக்கு மேல ஆச்சு. சக்திமானுக்கு கிளட்ச் பெடல் ப்ளே எவ்ளோன்னு தெரிஞ்சிக்கிட்டு எதிரி நாட்டுக்காரன் என்ன பண்ணிரப் போறான்? அந்த புஸ்தகத்த வெளியிட்டா நாங்க ஞாபகத்துல வெச்சிருக்கறத வெச்சு ஓட்டற நிலைமை மாறும். என் செட்ல நிறைய பேருக்கு இப்ப கண்ணு சரியில்ல, கை நடுங்குது, சொல்லித் தர்றதுக்கு ஆளும் வர்றதில்ல. ஐடிஐல மோட்டார் மெக்கானிக் படிக்கற பசங்களுக்கு ஒரு டிஸ்போசல் த்ரீ டன் குடுத்தா கியர்பாக்ஸ்னா என்னன்னு கைய வெச்சே கத்துப்பாங்க, போர்டுல படம் போட்டு காட்டறத விட.

இன்னொரு பயமும் இருக்கு. 2023 ஏப்ரல்லேர்ந்து 15 வருஷம் தாண்டின அரசாங்க வண்டிக்கு ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்கறதில்ல, பதிவு பெற்ற ஸ்கிராப் யார்டுக்கு தான் போகணும். நாட்டு பாதுகாப்புக்கு ஓடற ஸ்பெஷல் வண்டிங்களுக்கு விலக்கு இருக்கு, நியாயம். ஆனா அதே காத்து ராணுவ ஏல யார்ட் பக்கமும் அடிச்சா இனிமே முழு வண்டி வெளிய வர்றதே நின்னுரும், ஏற்கனவே வெளிய இருக்கறது தான் மிச்சம். புகை விடற ஓட்ட வண்டிய எல்லாம் காப்பாத்துங்கன்னு நான் சொல்லல, அதுல முக்காவாசி போக வேண்டியது தான். ஒழுங்கா வெச்சிருக்கறவன், எஃப்சில பிரேக்கும் புகையும் பாஸ் பண்றவன், வாடகைக்கு ஓட்ட மாட்டேன்னு எழுதிக் குடுக்கறவன், இவனுக்கு மட்டும் விண்டேஜ் விதில N வகையையும் சேத்து ஒரு வரி போடுங்கன்னு தான் கேக்கறேன். சாலை போக்குவரத்து அமைச்சகத்துக்கு நானும் தபால் போட்டிருக்கேன், ஒரு கெழவன் லெட்டர் எங்க கிடக்குதோ தெரியல, நம்ம எம்பிங்க யாராவது கேள்வி நேரத்துல கேட்டா பதில் வந்து தானே ஆகணும்.

கடைசியா ஒரு சின்ன சுயநலம், இத போடறதும் போடாததும் உங்க இஷ்டம். முன்னாள் ஈஎம்ஈ, ஏஎஸ்சி (ராணுவத்துக்கு ரேஷன், லாரி பாக்கற கோர்) நண்பர்கள் யாராவது இதப் படிச்சா, ஒன் டன்னுக்கோ ஜோங்காவுக்கோ விரிசல் விடாத டிஸ்ட்ரிபியூட்டர் கேப் ஒண்ணு பரண் மேல கிடந்தா, பேப்பர் ஆபீசுக்கு ஒரு கார்டு போடுங்க, ஆசிரியர் ஐயா எனக்கு அனுப்பி வெப்பாருன்னு நம்பறேன். ரோட்டர் இருந்தாலும் சரி. விலைய நேர்ல பேசிக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஈஎம்ஈ வெஹிக்கிள் மெக்கானிக்,
வேலூர் மாவட்டம்.